யந்திரங்களோடு சகவாசம் – 9: வேறு வேறு பொய்கள்

பழைய வானொலிப் பெட்டியொன்றின் கரகரப்பைத் துரத்திக்கொண்டு போன கதையைச் சென்ற வாரம் முடித்தபோது, அடுத்த இதழில் ஒரு மடிக்கணினியின் விவகாரத்தை எடுத்துக்கொள்வதாக வாக்களித்திருந்தேன். இரண்டுக்கும் உள்ள பேதம் பெரிது. வானொலிக்குப் பழுது வந்தால் அது கரகரக்கும், இரையும், அல்லது ஊமையாகிவிடும். அந்த மட்டில் அது யோக்கியமான பிராணி. கணினியோ பழுதுபட்டுக் கிடக்கும் நிலையிலும், மிகுந்த மரியாதையோடு, இலக்கண சுத்தமான முழு வாக்கியங்களில், தவறான காரணத்தை எடுத்துரைக்கும் சாமர்த்தியம் வாய்ந்தது. அதை நம்பிக் கெட்டவர்கள் அநேகர்.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், பிற்பகல் இடிமழைக்கு முந்திய புழுக்கத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவன் தன் தகப்பனாருடன் வந்து, உரச்சாக்கின் உள்ளுறையில் சுற்றியிருந்த மடிக்கணினியை என் மேசைமீது வைத்தான். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற பையன்; தகப்பனாருக்குத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. தோட்டத்தில் கொடுத்த தீபாவளி அட்வான்ஸ், அதாவது இனிவரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கழிபட இருக்கின்ற பணம், இந்தத் தடவை புதுத்துணிக்குப் போகாமல் நகரத்துக் கடையொன்றில் இரண்டாங்கையாக வாங்கிய இந்த யந்திரத்துக்குப் போயிருந்தது என்பதைப் பையனின் நிறம் வெளிறிய சட்டையே கேட்காமல் சொல்லிற்று.

அவன் வாங்கிய வேளையும் பொல்லாத வேளை. விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் வழக்கமான பராமரிப்பை 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு ஆறாம் நாள் தீபாவளி. விண்டோஸ் 11 ஐ ஏற்றலாமென்றாலோ, இன்டெல் வகைக் கணினியாயின் எட்டாந் தலைமுறைச் செயலியும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டுமென்று அது நிபந்தனை விதிக்கிறது; பத்து வயசான யந்திரம் அதற்கு எங்கே போகும்? ஆகவே பையன், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991 இல் தொடங்கிவைத்த லினக்ஸின் வழிவந்ததும், பழைய யந்திரங்களிடம் தயவு காட்டுவதுமான லினக்ஸ் மின்டைத் தேர்ந்துகொண்டான். காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது அவன் சொல்லாத காரணம். நம் நாட்டிலேயே ஹந்தான மலையின் பெயரில் ஹந்தான லினக்ஸ் என்று ஒன்றைச் சில ஆர்வலர்கள் உருவாக்கியதுண்டு என்று சொன்னபோது, அவன் கண்ணில் ஒரு மின்னல் தெரிந்தது. விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றைத் தமிழ்நாட்டார் இயங்குதளம் என்கிறார்கள். நம் பாடநூல்களோ பணிசெயல் முறைமை என்கின்றன. பரீட்சையில் எழுதுவதற்குப் பின்னதும், வாயால் சொல்வதற்கு முன்னதும் வசதி என்பது என் அபிப்பிராயம்.

ஏறத்தாழ மூன்று கிகாபைட் அளவுள்ள அந்தக் கோப்பை அவன் பெற்ற விதம் தனிக்கதை. லயத்தில் சிக்னல் வராது. கோயில் மேட்டில் ஏறி நின்றால் வரும். இரவு டேட்டாவுக்காக நள்ளிரவு கழிந்தபின் குடையும் கைபேசியுமாக இரண்டு இரவுகள் அங்கே நின்றிருக்கிறான். பிறகு ஆசிரியர் ஒருவருடைய கணினியின் உதவியால் அதைப் பென்டிரைவில் எழுதி, ஏற்றத் தொடங்கினால், பாதி வழியில் நின்றுவிடுகிறது.

"நாலு தரம் போட்டுப் பாத்துட்டேன் சேர். ஒரு தரம் முப்பத்திரண்டுல நிக்குது, ஒரு தரம் அறுபத்தொண்ணு வரைக்கும் போகுது. பிழைன்னு ஒரு பெட்டி வந்து விழுது."

அந்தப் பெட்டியை எனக்கும் காட்டினான். வாசிப்பதிலோ எழுதுவதிலோ தவறு நேர்ந்துவிட்டது. குறுந்தட்டு அல்லது வன்தட்டு கெட்டிருக்கக்கூடும். குறுந்தட்டைத் துடைத்துப் பார்க்கலாம். வன்தட்டு பழசானால் மாற்றலாம். கணினியை இன்னும் குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோய் முயலலாம் என்றெல்லாம் ஆங்கிலத்தில் யோசனைகள் வரிசையாக இருந்தன. குறுந்தட்டே சம்பந்தப்படாத காரியத்தில் குறுந்தட்டைத் துடைக்கச் சொன்னதை மன்னித்துவிடலாம். ஆனால் நமுனுகுல மலையின் பனிமூட்டம் வாசற்படியில் வந்து உட்காரும் லயத்திலிருந்து வந்தவனைப் பார்த்து, இன்னும் குளிர்ந்த இடத்துக்குப் போ என்று ஒரு யந்திரம் சொல்லுமானால், அதன் மற்ற யோசனைகளையும் சற்று விலக்கிவைத்துப் பார்ப்பதே விவேகம். பையனோ வன்தட்டுதான் குற்றவாளியென்று தீர்மானித்து, கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலைசெய்யும் அக்காளிடம் புதிய தட்டு வாங்கப் பணமும் கேட்டுவிட்டிருந்தான்.

முப்பத்திரண்டு, அறுபத்தொன்று என்ற அந்த இரண்டு எண்கள்தாம் என்னை நிறுத்திவைத்தன. கோப்பில் ஓரிடம் கெட்டிருந்தால் பிரயாணம் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்திலேயே தடைப்படுவது இயல்பு. பாதையில் மண் சரிந்த இடம் ஊர்ந்து ஊர்ந்து நகர்வதில்லையல்லவா? தடை இடம் மாறிக்கொண்டே இருக்குமானால், பாதையைவிட வண்டியைச் சந்தேகிப்பதே பொருத்தம். முதலில் மின்சாரத்தை நினைத்தேன். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதையும் இருளாக்கிய பிறகு, நம்மவர் எந்தப் பழுதுக்கும் முதலில் மின்சார சபையை நினைப்பது சகஜமாகிவிட்டது. ஆனால் என் வீட்டு மின்சாரத்திலும் அது நாற்பத்தேழில் நின்றது. வன்தட்டின் நாடியை அதற்கென்றுள்ள நிரலால் பிடித்துப் பார்த்தேன்; வயதுக்கு மிஞ்சிய திடகாத்திரத்தோடு இருந்தது. அக்காளின் பணம் தப்பியது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இனிக் கோப்பைச் சோதிக்க வேண்டும். லினக்ஸ் மின்டை வெளியிடுபவர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் நேரே அறுபத்துநான்கு எழுத்துக்கள் கொண்ட ஒரு முத்திரை எண்ணைப் பிரசுரித்திருக்கிறார்கள். கோப்பு முழுவதையும் ஒரு கணிதச் செக்கிலிட்டு ஆட்டினால் சொட்டுகிற கடைசித் துளி அது. மூன்று கிகாபைட்டில் ஒரேயொரு புள்ளி பிசகினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். நல்ல கணினி ஒன்று உள்ளறையில் இருந்தும், எழுந்துபோகச் சோம்பல்பட்டு, பென்டிரைவிலிருந்து உயிர்பெற்று நின்ற அவனுடைய யந்திரத்திலேயே அந்தக் கணக்கைப் போடச் சொன்னேன். பின்னால் யோசித்துப் பார்த்தால், அன்றைய தினம் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அந்தச் சோம்பல்தான்.

பையன் எழுத்தெழுத்தாக வாசித்தான். நான் கைபேசியில் பிரசுரமான எண்ணை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். மூன்றாவது எழுத்திலேயே பொருந்தவில்லை. "கோப்புத்தான் பழுது சேர்," என்றவன் குரலில், மறுபடியும் கோயில் மேட்டில் கழிக்கவேண்டிய இரவுகள் தெரிந்தன. யந்திரத்தை அணைத்து மூட்டி, அதே கோப்புக்கு அதே கணக்கை இன்னொரு தடவை போடும்படி சொன்னேன். இந்தத் தடவையும் பொருந்தவில்லை. ஆனால் முதல் தடவை வந்த எண்ணும் இது அல்ல, மூன்றாவதாக ஒன்று.

பையன் விழித்தான். மழை ஆரம்பித்துவிட்டதால் கதவோரத்திலிருந்து உள்ளே நகர்ந்துகொண்ட தகப்பனார்தான், இவ்வளவு நேரம் ஒன்றும் பேசாதிருந்தவர், வாயைத் திறந்தார்.

"எனக்கு இது வெளங்காதுங்க சேர். ஆனா, ஒரே கொழுந்த மூணு தரம் போட்டு மூணு விதமாத் தூள் வந்துச்சுன்னா, கொழுந்தக் குத்தஞ் சொல்ல ஏலாது. மெஷினைத்தான் கழட்டிப் பாக்கணும்."

ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு வருகிற அந்த அபூர்வ மணத்தை, கொழுந்தைக் கையால் பிசைந்தே நிதானிக்கத் தெரிந்த மனிதர் அவர்; கணினியில் ஒரு பொத்தானையும் தொட்டறியாதவர். ஆனாலும் நான் கால் மணித்தியாலம் விரிவுரை செய்து விளக்கவிருந்த நியாயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கெட்டுப்போன கோப்பு எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். ஒவ்வொரு தடவையும் வேறு பொய் வருமானால், பொய் கோப்பில் இல்லை. அதை எண்ணிப் பார்க்கிற யந்திரத்தின் ஞாபகத்தில் இருக்கிறது. அதன்பிறகுதான் எழுந்துபோய், அதே கோப்பை உள்ளறைக் கணினியில் சோதித்தேன். அறுபத்துநான்கு எழுத்தும் அப்படியே பொருந்தின. கோயில் மேட்டுத் தவம் வீண்போகவில்லை.

ரெம் என்று கடைகளில் வழங்கும் நினைவகம், மடிக்கணினியில் நடுவிரல் நீளமுள்ள ஒரு பச்சைத் தகடு. ஓரத்தில் பொன்னிறப் பற்கள். நான்கு கிகாபைட் தகடொன்றில் 3,400 கோடிக்கு மேற்பட்ட சிற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்ற ஒரே சொல்லை ஞாபகம் வைத்திருக்கக் கடமைப்பட்டது. இவற்றில் சில அறைகள் தம் சொல்லை மறந்தால், சாதாரண வேலைகளில் அது தெரியவே தெரியாது. பாட்டுக் கேட்கலாம், கடிதம் எழுதலாம். ஆயிரக்கணக்கான கோப்புகளை விரித்து, ஒன்றுவிடாமல் சரிபார்த்து, வன்தட்டில் இறக்குகிற இந்த நிறுவற் காரியத்தில்தான் நினைவகம் மூலைமுடுக்கெல்லாம் பயன்படுகிறது, குட்டும் வெளிப்படுகிறது. வன்தட்டை நோக்கி நீளும் விரல் உண்மையில் அதன் பக்கத்து வீட்டுக்காரனைக் குறித்ததாக இருக்க, பாவம், எத்தனை நல்ல வன்தட்டுகள் இப்படிக் குப்பைக்குப் போயினவோ.

நினைவகத்தைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டோம். ஒவ்வோர் அறையிலும் ஒன்றை எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதே வருகிறதா என்று கேட்பதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. பத்தொன்பதாம் நிமிஷத்தில் நீலத்திரையில் முதலாவது சிவப்பு வரி விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மழை ஓட்டில் விழுவதுபோல் வரிசையாக. யந்திரத்தை நிறுத்தி, மின்கலத்தைக் கழற்றி, அடிமூடியைத் திறந்தோம். இரண்டு தகடுகள். இருபக்கத்துக் கவ்விகளை விரல்நகத்தால் விலக்கியதும், தூக்கத்திலிருந்து தலைதூக்குவதுபோல் ஒரு தகடு சாய்ந்து எழுந்தது. அதன் மேல் தூசே இல்லை. மற்றதில் பத்து வருஷத்துச் சாம்பல்நிறத் தூசு.

"எட்டு ஜீபியாக்கித் தாறேன்னு சொல்லி, கடைக்காரர்தான் சேர் இதைப் புதுசாப் போட்டுத் தந்தார்," என்றான் பையன். விலையை அதற்காகவே கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது என்று, புதுத் தகட்டின் பற்களைப் பாடசாலை அழிறப்பரால் தேய்த்துத் துடைத்து, தனியே பொருத்திச் சோதித்தோம், சிவப்பு. அதே பொருத்துவாயில் தூசு பிடித்த கிழத்தைப் பொருத்தினோம். ஒரு மணித்தியாலமாகியும் ஒரு வரியில்லை. லினக்ஸ் மின்டுக்கு அந்த நான்கு கிகாபைட்டே போதும். நிறுவல் முப்பத்திரண்டைக் கடந்தது, அறுபத்தொன்றைக் கடந்தது. நூறைத் தொட்டபோது பையன் மூச்சு விட்டான்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. யந்திரம் அணைந்து மறுபடி எழுந்தபோது, திரையில் பழையபடி நிறுவலின் முதற்பக்கமே வந்து நின்றது. அவன் முகம் வாடியதைப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1924 இல் பதுளைக்கு ரயில் வந்த காலந்தொட்டு நம்மவர் பார்த்துவரும் காட்சியொன்றுண்டு: எல்லவைக் கடந்து வரும் வண்டி தெமோதரை நிலையத்தில் நின்று புறப்பட்டு, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி, சற்றுமுன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் புகுகிறது. தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்தே அந்த உபாயம் உதயமாயிற்று என்று ஒரு கதையும் வழங்குகிறது. முதல்முறை வருகிறவர்கள், வந்த இடத்துக்கே வந்துவிட்டோமோ என்று தலையை நீட்டிப் பார்ப்பார்கள். வண்டியோ கீழே இறங்கிப் பதுளையை நெருங்கிக்கொண்டிருக்கும். இங்கு நடந்ததும் அதுவே. பென்டிரைவைக் கழற்றிவிட்டு என்டர் பொத்தானை அழுத்தச் சொல்லித் திரையில் கட்டளை வந்தது; சந்தோஷத்தில் அவன் பின்பாதியை மட்டும் நிறைவேற்றிவிட்டான். வன்தட்டுக்கு முன்பாகப் பென்டிரைவைத் தேடும்படி வைத்திருந்த யந்திரம், கண்ட பென்டிரைவிலிருந்தே மறுபடி எழுந்தது. கழற்றி மூட்டினோம். லினக்ஸ் மின்டின் சின்னம் வந்தது.

சனிக்கிழமை அவன் பழுதான அந்தத் தகட்டைக் கடதாசியில் மடித்துக்கொண்டு கடைக்குப் போனானாம். கடைக்காரர் அதைத் தம் மேசையிலிருந்த கணினியொன்றில் பொருத்தி, திரை ஒளிர்ந்ததும், "வேலை செய்யுதே தம்பி," என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். பையன் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, "இதை ஒரு மணித்தியாலம் மட்டும் ஓட விடுங்க அண்ணே," என்றிருக்கிறான். அரை மணித்தியாலம் ஆகுமுன் சிவப்பு வரி விழுந்திருக்கிறது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மேசையறையைத் திறந்து வேறொரு தகட்டைக் கொடுத்தாராம். அதை வாங்கிக்கொண்டு இவன் புறப்படவில்லை. கடைவாசற்படியிலேயே உட்கார்ந்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு, புதிய தகட்டுக்கும் சோதனையைத் தொடங்கிவிட்டான். அது முடிந்தபோது கடையின் தகரக்கதவு பாதி இறங்கியிருந்தது. பசறைக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது. மரக்கறி இறக்கிவிட்டு லுணுகலைக்குத் திரும்பும் லொறியொன்றில் ஏறி, இருட்டிய பிறகு பசறைச் சந்தியில் இறங்கினானாம்.

(தொடரும்)