அட்லாண்டிக்கில் தொலைந்த விமானம்: அரைகுறைத் தகவல்களை எடைபோட்ட கணக்கு

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்கு 228 பேருடன் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் நடுவே காணாமல் போனது. உலக நேரப்படி அதிகாலை 2.10 மணிக்குத் தன் இருப்பிடத்தை அது தானாகவே அனுப்பியிருந்தது. அடுத்த சில நிமிடங்களில் பழுதுச் செய்திகள் அடுக்கடுக்காக வந்தன. 2.14-க்குப் பிறகு எதுவும் வரவில்லை.

அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? கடைசி இருப்பிடத்தைச் சுற்றி 40 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டார்கள். அதுவே சுமார் 17,000 சதுர கி.மீ. அங்கே கடலின் ஆழம் 4 கி.மீ. வரை போகும், அடியில் மலையும் பள்ளமும்.

ஐந்து நாள் கழித்து உடல்களும் உடைந்த பாகங்களும் மிதக்கக் கண்டார்கள். நீரோட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் விழுந்த இடம் தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்தப் பகுதியின் நீரோட்டத்தைத் துல்லியமாக அறிந்தவர் இல்லை. அந்தக் கணக்கை நம்பி 2010-ல் நடந்த தேடல் வெறுங்கையோடு திரும்பியது.

பிறகு பிரான்சின் விமான விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ, அமெரிக்காவின் மெட்ரான் நிறுவனத்தை அணுகியது. எந்தத் தகவலையும் முழுதாக நம்பவில்லை, எதையும் தூக்கி எறியவும் இல்லை. இதுதான் அவர்களுடைய முறை. வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம் என்ற அனுமானத்துக்கு 35 சதவீத எடை. முன்பு நடுவானில் கட்டுப்பாடிழந்த விமானங்கள் சிக்கல் தொடங்கிய இடத்திலிருந்து 20 கடல் மைலுக்குள்ளேயே விழுந்திருந்தன. அந்த அனுபவத்துக்கும் 35. நீரோட்டக் கணக்குக்கு 30. மூன்றையும் கூட்டிக் கடலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாய்ப்பு எண் கொடுத்தார்கள். தேடியும் கிடைக்காத கட்டத்தின் எண்ணைக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்த பங்கு மற்ற கட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வகுத்த விதி இது.

எனக்கு இதில் மிகப் பெரிதாகப் படுவது அவர்கள் மௌனத்தை எடைபோட்ட விதம். கறுப்புப் பெட்டிகள் இரண்டிலும் ஒலி எழுப்பும் கருவி உண்டு. சுமார் 30 நாள் ஒலிக்கும். விபத்து நடந்த மாதத்தில் கப்பல்கள் கடைசி இருப்பிடத்துக்கு அருகே போய்க் காது கொடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கருவி வேலை செய்யும் வாய்ப்பு 90 சதவீதம் என்றால், இரண்டில் ஒன்றாவது ஒலித்திருக்கும் வாய்ப்பு 99 சதவீதம் என்று மேலோட்டமாகப் போட்டுவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே விமானத்தில் ஒரே மோதலில் அடிபட்டவை. ஒரே ஆளிடம் கேட்ட செய்தியை இருவர் வந்து சொன்னால் இரண்டு சாட்சி ஆகிவிடாது. அதனால் 99-ஐ 92 ஆகக் குறைத்துக்கொண்டார்கள்.

அப்படியும் அந்த 92, கடைசி இருப்பிடத்தைச் சுற்றிய பகுதியின் வாய்ப்பைப் பெருமளவு அழித்துவிட்டது. எனவே இரண்டு கருவிகளும் செயலிழந்திருந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு வரைபடமும் போட்டுப் பார்த்தார்கள். வாய்ப்பு முழுக்க அந்த நடுப்பகுதிக்கே திரும்பி வந்து குவிந்தது.

2011-ல் அங்கிருந்தே தேடத் தொடங்கினார்கள். ஆளில்லா நீர்மூழ்கிகள் இறங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, சிதைவுகள் தென்பட்டன. கடைசி இருப்பிடத்திலிருந்து வெறும் 6.5 கடல் மைல். ஆழம் சுமார் 3,900 மீட்டர். பிறகு மீட்ட ஒலிக்கருவியைச் சோதித்தபோது அது இயங்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் இரண்டு கறுப்புப் பெட்டிகளும் மேலே வந்தன. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனி அடைத்துத் தானியங்கி விமானி துண்டிக்கப்பட்டதும், பிறகு விமானம் உயரத்தைத் தக்கவைக்க முடியாமல் சரிந்ததும், விமானிகளால் அதை மீட்க முடியாமல் போனதும் அப்போதுதான் உறுதியாயின. 2012 ஜூலையில் வந்த இறுதி அறிக்கை இதையெல்லாம் நிமிடவாரியாகப் பதிவு செய்தது.