சோடாவுக்கு எந்த கேஸ்? மலிவு சிலிண்டர் என்றால் உஷார்!

சாத்தூர்,

வெயில் ஏறினால் சாத்தூரில் வெள்ளரிக்காய்க்கும் சோடாவுக்கும் ஏக கிராக்கி. சோடா இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்து விருதுநகரில் 1916-லேயே காளிமார்க் கம்பெனி தொடங்கிவிட்டது. குடிக்கிறவர் யாரும் "இதில் என்ன கேஸ்?" என்று கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் சோடா கம்பெனிக்காரர்தான்.

பட்டறை கேஸ் வேண்டாம்

சோடாவில் பொங்குவது கரியமிலவாயு. வெளிநாடுகளில் வீட்டு பீர் பீப்பாயில் மாட்டுவதும் இதேதான். மதுபான ஆலைகளிலும் உர ஆலைகளிலும் வெளிவரும் வாயுவைப் பிடித்து, சுத்தம் செய்து சிலிண்டரில் அடைக்கிறார்கள்.

வெல்டிங் பட்டறைக்கும் இந்த கேஸ் போகிறது. ஆனால் அதில் எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ இருந்தால் பட்டறைக்காரர் குடிக்கப் போவதில்லை. சோடா ஜனங்களின் வயிற்றுக்குள் போகிறது. எனவே, உணவுக்கு ஏற்ற தரம் என்று பில்லில் எழுதித் தருபவரிடமே வாங்க வேண்டும். சிலிண்டரின் நிறத்தை மட்டும் நம்பாமல், வாயுவின் பெயரையும் படித்துப் பார்ப்பது நல்லது.

பட்டாசுக்கும் இதற்கும் ஒரே இலாகா

பட்டாசு ஆலைகளுக்கு லைசென்ஸ் தரும் மத்திய அரசின் வெடிபொருள் இலாகாதான் சிலிண்டர்களையும் கண்காணிக்கிறது. 5 வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்தாக வேண்டும். சோதனைத் தேதி சிலிண்டரிலேயே இருக்கும். கெடு தாண்டிய சிலிண்டரை ஓசியில் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

வெயிலில் வைத்தால்...

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. 25 டிகிரியில் அதன் அழுத்தம் லாரி டயரைப் போல ஏறக்குறைய 8 மடங்கு! 31 டிகிரி தாண்டினால் திரவம் என்பதே கிடையாது. அழுத்தம் கிடுகிடுவென ஏறும். சாத்தூரில் 31 டிகிரி என்பது கோடைக் காலை வெயில்தான். ஆகவே நிழலில், சங்கிலி போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். ரெகுலேட்டர் இல்லாமல் மிஷினில் மாட்டவே கூடாது.

திரவம் தீரும் வரை கேஜ் முள் அவ்வளவாக இறங்காது. முள்ளைப் பார்த்து ஏமாறாமல், தராசில் ஏற்றி எடை போட வேண்டும். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். வாங்கும்போதும் இதே கணக்குதான்.

சிக்கனத்துக்கு வழி: தண்ணீரைக் குளிர வைப்பது. 25 டிகிரித் தண்ணீரைவிட ஐஸ் தண்ணீர் இரண்டு மடங்குக்கு மேல் கேஸை வாங்கிக்கொள்ளும்.

வாசனையே இல்லை!

இந்த கேஸ் தீப்பிடிக்காது. ஆனால் ஆளை மயக்கிவிடும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால், கசிந்தால் தரையோடு தேங்கும், வாசனையும் இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் சிலிண்டரைப் பூட்டி வைத்திருப்பவர்கள், காலையில் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே ஓடாமல், கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் போவது உயிருக்கு நல்லது.