மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கருவுற்ற செய்தியை மூன்று மாதம் நிறைவுறும் முன் வெளியில் சொல்லலாகாது என்னும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உள்ளது. அதில் நாங்கள் குறை காணவில்லை. ஆயினும், உறவினரிடம் சொல்லாத செய்தியைச் செவிலியரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். அரசின் மகப்பேறு உதவிகளுக்கு முதல் 12 வாரங்களுக்குள் செய்யப்படும் பதிவே வாயில்.

தமிழ்நாட்டில் இப்பதிவு 'பிக்மி' என்னும் இணையப் பதிவேட்டில் செய்யப்படுகிறது. ஊர்ப்புறத்தில் கிராம சுகாதார செவிலியரும், நகரத்தில் நகர்ப்புற சுகாதார செவிலியரும் பதிவு செய்து 12 இலக்க எண் ஒன்றை வழங்குவர். தாய்வீட்டிற்கு வேறு மாவட்டம் சென்றாலும் அதே எண் போதும். தனியார் மருத்துவமனையில் பிரசவித்தாலும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அவ்வெண் தேவைப்படும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுடைய ஏழைப் பெண்களுக்கு முதல் இரு பிரசவங்களுக்கு ரூ. 18,000 மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. இதில் ரூ. 14,000 தவணைகளாக வரும் பணம். எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பணம் தாமதமாவதற்குப் பெயர் வேறுபாடும் ஒரு காரணம். திருமணத்திற்குப் பின் ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தும், வங்கிப் புத்தகத்தில் தந்தையின் முதலெழுத்தும் இருப்பதுண்டு. இரண்டையும் இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு கருவுற்றவர் பெயரிலேயே இருக்கட்டும்.

பணத்தினும் பெரிது ஒன்றுண்டு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் தொடக்க வாரங்களில்தான் ஃபோலிக் அமில மாத்திரை மிகவும் பயன் தரும். இரத்தசோகையைச் சரிசெய்யப் பல வாரங்கள் வேண்டும். எட்டாம் மாதத்தில் கண்டறிந்தால் அந்த அவகாசம் குறைந்துவிடுகிறது.

12 வாரம் கடந்துவிட்டதா? தயங்காமல் இன்றே பதிவு செய்யுங்கள். 2011 முதல் நடைமுறையிலுள்ள மத்திய அரசின் தாய் சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவம், அறுவைப் பிரசவம், மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு யாவும் கட்டணமற்றவை. எண் இல்லை என்று அஞ்சி எவரும் வலியுடன் வீட்டில் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

உங்கள் இல்லத்தில் கருவுற்ற பெண் இருப்பின், அவருடைய ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவருடன் செவிலியரிடம் செல்லுங்கள்.