ஒரு பேரிங் போனால் வீட்டுக்குள் முடங்கணுமா? சக்கர நாற்காலி ரிப்பேரும் மறுபயன்பாடும்: தெரிந்துகொள்ள வேண்டியவை

திருக்காட்டுப்பள்ளியில் ஒருவருக்கு அரசு முகாமில் சக்கர நாற்காலி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் பிரச்சினை இல்லை. அடுத்த ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைச் சேறு முன்சக்கர பேரிங்குக்குள் போகிறது, துரு ஏறுகிறது. ஒரு நாள் சக்கரம் சுற்றவே மாட்டேன் என்கிறது. ஃப்ரேம், சீட், பின்சக்கரங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் வண்டி கொல்லைப்புறத்துக்குப் போய்விடும், அதில் போய்வந்தவர் வீட்டோடு முடங்கிவிடுவார்.

வண்டி கொடுக்கத் திட்டம் இருக்கிறது. கொடுத்த வண்டியை ஓட வைக்க என்ன இருக்கிறது?

புதுசு கேட்டால் கிடைக்காதா?

உடனே கிடைப்பது கஷ்டம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டம் 1981 முதல் நடக்கிறது. அதன் விதிப்படி, ஒரு தேவைக்கு உதவி வாங்கியவர் அதே தேவைக்காக மீண்டும் கேட்க 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வேகமாக வளர்வார்கள் என்பதால் அவர்களுக்கு 1 ஆண்டு.

ஆக, இரண்டாவது வருஷத்தில் வண்டி நின்றுபோனால் ரிப்பேர்தான் ஒரே வழி.

ரிப்பேர் யார் பொறுப்பு?

இந்த உபகரணங்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது கான்பூரில் உள்ள மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள மூத்த குடிமக்களுக்காக 2017-ல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா'வில், கொடுத்த உபகரணத்தை ஓராண்டு இலவசமாகப் பராமரிப்பதும் அலிம்கோவின் வேலை. சிக்கல் அந்த ஓராண்டு முடிந்த பிறகுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டுதல் இந்தச் சேவையை 8 படிகளாகப் பிரித்தது. எட்டாவது படி பராமரிப்பு, பழுதுபார்ப்பு, தொடர் கவனிப்பு. நம் ஊர் முகாம்களில் போட்டோ எடுப்பதோடு நின்றுபோவது பெரும்பாலும் இந்தப் படிக்கு முன்னால்தான்.

சைக்கிள் கடையில் எதைச் சரிசெய்யலாம்?

கையால் தள்ளும் சாதாரண நாற்காலி, மூன்று சக்கர சைக்கிள் என்றால் நிறையவே முடியும். பஞ்சர், டயர், டியூப், ஸ்போக்ஸ், பால்ரஸ், செயின், பிரேக் கேபிள் எல்லாம் சைக்கிள் மெக்கானிக்குக் கைவந்த வேலை. கிழிந்த சீட்டைத் தைக்க ரெக்சின் தைப்பவர் போதும். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஈரத் தரையில் வழுக்கி விழ அது ஒன்றே போதும்.

சக்கர நாற்காலி பயன்படுத்துபவரான அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ் 1980-ல் நிகரகுவாவில் தொடங்கிய வேலையின் அடிப்படையே இதுதான்: உள்ளூர் கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு வண்டி செய்தால், உள்ளூரிலேயே ரிப்பேரும் செய்துகொள்ளலாம்.

ஆனால் பேட்டரி வண்டியின் கன்ட்ரோலர், சார்ஜர், மோட்டார் பக்கம் அனுபவம் இல்லாதவரை விடாதீர்கள். மடிக்கும் மூட்டில் விரிசல் விட்ட ஃப்ரேமை அவசரத்துக்கு வெல்டிங் வைப்பதும் ஆபத்து. செயற்கைக் கால் இறுக்கமானாலோ தளர்ந்தாலோ, பொருத்திய மையத்தில்தான் காட்ட வேண்டும்.

ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குத் தரலாமா?

தரலாம், பார்த்துத் தர வேண்டும். வாக்கர், ஊன்றுகோல், கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி ஆகியவற்றைச் சுத்தம் செய்து, பாகங்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். ஆனால் சீட்டின் அகலமும் கால் வைக்கும் பலகையின் உயரமும் புதியவரின் உடம்புக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத இருக்கையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும். முதுகுத் தண்டுவடக் காயத்தால் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு அது வலிக்கவும் வலிக்காது, முற்றிய பிறகுதான் தெரியும்.

செயற்கைக் காலின் சாக்கெட், அளவெடுத்துச் செய்த காலிப்பர், காது அச்சு இவை ஒருவருக்கென்றே செய்தவை. அடுத்தவருக்கு உதவாது.

மற்ற நாடுகளில் எப்படி?

நார்வேயில் உபகரணத்தை அரசு இனாமாகத் தருவதில்லை, இரவலாகத் தருகிறது. அதற்கென இருக்கும் பொது மையங்களே பழுதும் பார்க்கின்றன. தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி, சுத்தம் செய்து, சரிசெய்து அடுத்தவருக்குக் கொடுக்கின்றன. 'இது யார் சொத்து, யார் ரிப்பேர் செய்வது' என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இங்கே பொருள் நம் கைக்கு வந்ததும் பொறுப்பும் நம் தலைக்கு வந்துவிடுகிறது. வயதானவர் இறந்துபோனால் அவருடைய வாக்கர் பரணுக்குப் போகிறது. பக்கத்துத் தெருவில் இடுப்பு எலும்பு முறிந்தவர் புதிதாக ஒன்று வாங்க அலைகிறார்.

தமிழ்நாட்டில் என்ன வாய்ப்பு?

உலக வங்கி 2022-ல் நிதியுதவிக்கு ஒப்புதல் தந்த 'தமிழ்நாடு உரிமைகள்' திட்டத்தின் கீழ், மறுவாழ்வுச் சேவைகளை மக்களுக்கு அருகில் கொண்டுவர 'விழுதுகள்' மையங்கள் வருகின்றன. அங்கே ஒரு ரிப்பேர் மேசை, ஒரு பெட்டி உதிரிபாகம், பயிற்சி பெற்ற ஒரு மெக்கானிக் இருந்தால், திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஓடாத வண்டியைத் தூக்கிக்கொண்டு சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தஞ்சாவூருக்குப் போக வேண்டியிருக்காது. இந்த முகாமில் எத்தனை வண்டி கொடுத்தோம் என்று எண்ணுவதோடு, போன முகாமில் கொடுத்ததில் எத்தனை இன்னும் ஓடுகிறது என்றும் எண்ண வேண்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியவை

* உபகரணம் வாங்கும்போதே வாரண்டி அட்டை, வரிசை எண், சர்வீஸ் தொடர்பு எண்ணைக் கேட்டு வாங்கி, போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.
* சேற்றில் போய் வந்தால் சக்கரத்தைத் துடைத்துக் காயவையுங்கள். மாதம் ஒருமுறை நட்டு, போல்ட், பிரேக்கைப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.
* பேட்டரி வண்டியைப் பயன்படுத்தாத நாட்களிலும் அவ்வப்போது சார்ஜ் போடுங்கள். முழுக்க இறங்கிக் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும்.
* பழுதானால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ, கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ எழுத்தில் மனு கொடுங்கள். தனித்துவ அடையாள அட்டை நகல், உபகரணம் வாங்கிய தேதி, எந்தப் பாகம் பழுது என்பது மூன்றும் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.
* உங்கள் வீட்டுப் பரணில் வாக்கரோ சக்கர நாற்காலியோ சும்மா கிடந்தால் இறக்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் அது இன்னும் ஒருவரை நடமாட வைக்கும்.