முதியோர் பணம் பக்கத்து வீட்டுக்கு வருது, நமக்கு ஏன் வரலை?

புதுக்கோட்டை:
திங்கட்கிழமை ஆனால் போதும், புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் மனுவோடு கூட்டம் நிற்கும். அதில் தாத்தா, பாட்டிகளின் ஓ.ஏ.பி. மனு இல்லாத வாரமே கிடையாது. "ஒரே தெரு, ஒரே வயசு. அவளுக்கு வருது, எனக்கு வரலை" என்பதுதான் வழக்கமான புலம்பல்.

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-ல் ஆயிரம் ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆக உயர்ந்தது. இந்த 1,200-ல் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். மீதி ஆயிரம் மாநில அரசு பணம். 80 வயது தாண்டினால் மத்திய பங்கு 500. ஆனாலும் கைக்கு வருவது அதே 1,200 தான். டீயும் பன்னும் என்ன விலை விற்குதுன்னு தெரிஞ்சவங்களுக்கு 200 ரூபாய் பற்றி விளக்க வேண்டியதில்லை.

யாருக்கு கிடைக்கும்?

60 வயது முடிந்திருக்க வேண்டும். ஆதரவு, வருமானம் இல்லாதவராக இருக்க வேண்டும். இந்த "ஆதரவற்றவர்" என்ற வார்த்தையில்தான் பல மனுக்கள் அடிபடுகின்றன. மகன் திருப்பூரில் வேலை பார்ப்பான், பொங்கலுக்குக்கூட வரமாட்டான். ஆனால் ரேஷன் கார்டில் அவன் பெயர் இருக்கும். விசாரணைக்கு வரும் வி.ஏ.ஓ. கார்டைப் பார்த்து "மகன் இருக்காரே" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. மகன் தனிக்குடித்தனம் போயிருந்தால், முதலில் அவர் பெயரை கார்டில் இருந்து நீக்கிவிட்டு மனு போடுவது நல்லது.

இன்னொரு சிக்கல் வயசு. ஆதாரில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று என்று இருந்தால் மனு அங்கேயே படுத்துவிடும். இதையும் முன்கூட்டியே சரி பண்ணிக்கணும்.

இ-சேவை மையத்தில் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ கொடுத்து மனு பதியலாம். ஒப்புகைச் சீட்டை கேட்டு வாங்குங்க. அதில் உள்ள நம்பர் இல்லாவிட்டால் மனு எங்கே நிற்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்த பிறகு தாலுகா ஆபீசில் உள்ள சமூக பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தார்தான் முடிவு செய்வார். மாவட்டத்தில் உள்ள தாலுகாக்கள் 12. கறம்பக்குடிக்காரர் கறம்பக்குடிக்கும், மணமேல்குடிக்காரர் மணமேல்குடிக்கும் போனால் போதும். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று பணம் கேட்கும் புரோக்கர் எதற்கு?

ரேகை தேய்ஞ்சு போச்சா?

பணம் வந்தும் எடுக்க முடியாதவர்கள் உண்டு. கல் உடைத்தும், களை எடுத்தும் தேய்ந்த விரல், ஊருக்கு வரும் வங்கி முகவரின் மெஷினில் பதியாது. அதற்காக பணம் போய்விடாது, கணக்கில்தான் இருக்கும். பாஸ்புக்கோடு பேங்க் கிளைக்கே போய் எடுக்கலாம். ஆதார் மையத்தில் ரேகையை புதுப்பிக்கலாம். முகவர் "செலவுக்கு" என்று 50, 100 பிடித்தால் கொடுக்க வேண்டியதில்லை. வீடு தேடி பணம் தருவதற்கு அவருக்கு தனியாக கமிஷன் உண்டு.

மனு தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. அந்தத் தாளோடு புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் அவரவர் பகுதிக்கு ஏற்ப முறையிடலாம். போன் வசதி உள்ளவர்கள் முதியோர் உதவி எண் 14567-ல் இலவசமாக விவரம் கேட்கலாம்.