மரச் சிற்பமும் மரத்தின் ஈரமும்

திருப்பதியிலிருந்து காளத்திக்குச் செல்லும் மார்க்கத்தில் ஏர்பேடு என்னும் ஊர் உள்ளது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், இப்போது திருப்பதி மாவட்டத்தில் அடங்கியது. ஏர்பேடு மண்டலத்திலுள்ள மாதவமாலா என்ற கிராமம் மரச் சிற்பத்திற்குப் பெயர் பெற்றதாகும். சுவாமி விக்கிரகங்கள், தசாவதாரப் பலகைகள், சித்திர வேலைப்பாடுள்ள கதவுகள் முதலியவை இங்கு உருவாகின்றன. தமிழ்நாட்டு மக்களுக்கும் இவ்வட்டாரத்து மரவேலை புதிதன்று. திருப்பதி யாத்திரை சென்றவர்கள் வாங்கிவந்த செம்மரத்து மரப்பாச்சிப் பொம்மைகள் எத்தனையோ வீடுகளின் கொலுப்படிகளில் இன்றும் வீற்றிருக்கின்றன.

வேலைத்திறனில் குறைவில்லாத ஒரு விக்கிரகமும், விற்ற சில மாதங்களுக்குப் பின் தொலைவிலுள்ள ஒரு வீட்டில் வெடித்துவிடக்கூடும். அதற்கு உளியோ கையோ காரணமன்று. மரத்தினுள் தங்கியிருக்கும் நீரே காரணம். அந்நீரின் இயல்பை அறிந்துகொள்வது சிற்பிக்கும் தச்சருக்கும் மிகவும் பயன்தருவதாகும்.

பலர் கைப்பட்ட வேலை

மரச் சிற்பத் தொழில் வளர்ந்துள்ள ஊர்களில் ஒரு வேலையை ஒருவரே தொடங்கி ஒருவரே முடிப்பது அபூர்வம். ஒருவர் மரம் வாங்கி அறுத்துக் கொடுப்பார். மற்றொருவர் வாய்ச்சியாலும் பெரிய உளியாலும் உருவத்தின் பருமட்டான வடிவத்தை எடுப்பார். முகம், கை, ஆபரணம் போன்ற நுண்ணிய வேலைகள் தேர்ந்த சிற்பியிடம் செல்லும். இழைத்து, உப்புத்தாள் தேய்த்து, மெருகிடுவது வேறொருவர் பொறுப்பு. வேலை மிகுந்த காலத்தில் ஒருவர் ஏற்றுக்கொண்ட பணியை அண்டை வீட்டாருக்குப் பகிர்ந்தளிப்பதும் வழக்கம்.

இவ்வேற்பாட்டில் நன்மைகள் பல உண்டு. எனினும் ஒரு வேலை மட்டும் எவருடைய பங்கிலும் முழுமையாக அடங்குவதில்லை. அதுவே மரத்தை உலர்த்திப் பக்குவப்படுத்துவது. மரம் அறுப்பவர், சிற்பி பார்த்துக்கொள்வார் என்று எண்ணுவார். சிற்பி, மரம் காய்ந்தே வந்திருக்கும் என்று நம்புவார். வாங்குபவரோ நாள் குறித்து அவசரப்படுத்துவார். கடைசியில் வெடிப்புத் தோன்றும்போது நஷ்டம் யாருடைய பெயரில் வேலை சென்றதோ அவரையே சாரும்.

மரத்தினுள் உள்ள நீர்

புதிதாக வெட்டிய மரத்தில் நீர் இரு வகையாகத் தங்கியிருக்கும். நுண்ணறைகளின் உட்குழிவில் நிறைந்திருப்பது ஒன்று. அறைகளின் சுவரிலேயே ஊறியிருப்பது மற்றொன்று. மரம் உலரும்போது குழிவிலுள்ள நீர் முதலில் வெளியேறும். அதனால் மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு மாறாது. ஈரம் சுமார் 30 சதவிகிதத்திற்குக் கீழே இறங்கிய பின்னரே சுவரிலுள்ள நீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. ஆதலால், மேற்புறம் காய்ந்து எடை குறைந்துவிட்டது என்பதைக் கொண்டு மட்டும் மரம் பக்குவமாகிவிட்டதெனக் கொள்ளலாகாது.

உலர்ந்த மரமும் அசைவற்றிருப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் நீரை உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் விட்டுவிடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவிகிதமாக இருக்குமிடத்தில் மரத்தின் ஈரம் நாளடைவில் 16 சதவிகிதத்தை ஒட்டி நிலைபெறும். காற்றின் ஈரப்பதம் 30 சதவிகிதமாயின் மரத்தின் ஈரம் 6 சதவிகிதமாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏர்பேட்டில் செய்து முடித்த ஒரு சிற்பம், வட இந்தியக் கோடையின் வறண்ட காற்றிலோ, குளிரூட்டப்பட்ட அறையிலோ வைக்கப்படும்போது இவ்வளவு மாறுதலுக்கு உள்ளாகக்கூடும்.

எத்திசையில் எவ்வளவு சுருங்கும்?

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் மிக அற்பம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரத்திசையில் அதனினும் அதிகம். வளையங்களைத் தழுவிச் செல்லும் சுற்றுத்திசையிலோ மிக அதிகம். தேக்கு, பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை ஆரத்திசையில் ஏறக்குறைய 2.5 சதவிகிதமும், சுற்றுத்திசையில் 5 முதல் 6 சதவிகிதமும் சுருங்கும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 300 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் 16 சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதத்திற்கு இறங்குவதாகக் கொள்வோம். அகலம் சுற்றுத்திசையில் அமைய அறுத்திருந்தால் பலகை சுமார் 6 மில்லிமீட்டர் குறுகும். ஆரத்திசையில் அமைய அறுத்திருந்தால் சுமார் 2.5 மில்லிமீட்டரே குறுகும். கதவுச் சட்டத்தினுள் பலகையை ஆணியடித்தோ வஜ்ஜிரம் இட்டோ இறுக்கிவிடாமல், காடியினுள் சற்று அசைய இடம் விட்டுச் சேர்க்கும் தச்சரின் பழைய வழக்கம் இக்காரணத்தால் மிகவும் பொருத்தமானதே.

முழு உருளையாக உள்ள கட்டையின் நிலை இன்னும் கடினமானது. அதன் சுற்றளவு மிகுதியாகச் சுருங்க முயலும். ஆரமோ அவ்வளவு சுருங்காது. இவ்விரண்டின் இழுபறியினால் பட்டையிலிருந்து மையத்தை நோக்கிக் கீற்றுப்போன்ற வெடிப்பு உண்டாகிறது. மரத்தின் நடுத்தண்டு உள்ளே அடங்குமாறு செதுக்கப்பட்ட விக்கிரகம் பெரும்பாலும் வெடிப்பது இதனாலேயே.

செம்மரமும் பிற மரங்களும்

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம் முதலிய குன்றுகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அதன் வைரம் மிகக் கனமானது, நீரிலிட்டால் மூழ்கும். நுண்ணிய வேலைக்கு அது சிறந்தது. ஆயினும் அம்மரம் அருகிவிட்டது. 1995-ஆம் ஆண்டு முதல் அதன் சர்வதேச வர்த்தகம் உடன்படிக்கையினால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 2021-இல் அது மீண்டும் அழிவை எதிர்நோக்கும் இனமாக வகைப்படுத்தப்பட்டது. எனவே தேக்கு, வேம்பு, தூங்குமூஞ்சி ஆகிய மரங்களை நாடவேண்டியது சிற்பிகளுக்கு அவசியமாயிற்று.

இவற்றுள் தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றித் தனியே கூறவேண்டும். தெலுங்கிலும் இதன் பெயர் நித்திரையைக் குறிப்பதே. சாலையோரத்து நிழல்மரம் என்று அற்பமாகக் கருதப்பட்ட இது, முற்றும் உலரும்போது ஆரத்திசையில் 2 சதவிகிதமும், சுற்றுத்திசையில் சுமார் 3.4 சதவிகிதமுமே சுருங்குகிறது. இவ்விரு அளவுகளுக்கும் வேற்றுமை குறைவாதலின் வெடிக்கும் அபாயமும் குறைவு. ஹவாய்த் தீவினர் இதனைப் பச்சையாகவே கடைந்து கிண்ணங்கள் செய்வது இந்த இயல்பு பற்றியே. ஆனால் வைரத்தைச் சூழ்ந்துள்ள வெளிறிய பகுதியைப் பூச்சி அரிக்குமாதலால் அதனை நீக்கிவிடுதல் நலம்.

உலர்த்தும் முறை

மரத்தை வெயிலில் போடுவது உலர்த்துவதாகாது. வெளிப்புறம் விரைவில் காய்ந்து சுருங்க முயல, ஈரமுள்ள உட்புறம் அதற்கு இடங்கொடாமையால் மேற்பரப்பு பிளந்துவிடும். கூரையின் நிழலில், தரைக்கு ஓர் அடிக்குமேல் உயர்ந்த மேடையில், பலகைகளை அடுக்கவேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரே கனமுள்ள குறுக்குச் சட்டங்களை வைத்து, அவை மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் அமையுமாறு செய்தால் பலகை கோணாது. வெட்டுமுனைகளின் வழியாக ஈரம் மிக வேகமாக வெளியேறுமாதலால் அம்முனைகளில் மெழுகோ கெட்டியான வண்ணமோ பூசவேண்டும்.

கனத்த கட்டைகள் உலர நெடுங்காலமாகும். கனம் இரட்டித்தால் காலம் கோட்பாட்டின்படி நான்கு மடங்காகிறது. ஆகையால் முதலில் பருமட்டான உருவத்தை எடுத்து, நடுத்தண்டை நீக்கி, பின்புறத்தைக் குடைந்து, அதன் பின் உலரவைத்து, இறுதியில் நுண்ணிய வேலையைச் செய்வது சாலச் சிறந்தது.

ஜப்பானியச் சிற்பிகள் இவ்வழியை நெடுங்காலத்திற்கு முன்பே கையாண்டனர். ஊஜி நகரிலுள்ள பியோதோ-இன் ஆலயத்தில் ஜோச்சோ என்னும் சிற்பி 1053-ஆம் ஆண்டு அமைத்த அமிதா புத்தர் உருவம் ஏறக்குறைய 2.8 மீட்டர் உயரமுடையது. அது ஒரே கட்டையில் செதுக்கப்பட்டதன்று. பல துண்டுகள் தனித்தனியே உருவாக்கப்பட்டு, உட்புறம் குடையப்பட்டு, ஒன்றாக இணைக்கப்பட்டன. இதனால் வெடிப்புத் தவிர்க்கப்பட்டதுடன், ஒரே சமயத்தில் பலர் பங்கிட்டு வேலை செய்யவும் முடிந்தது.

எடையும் தேதியும்

மரம் பக்குவமாகிவிட்டதா என்பதை அறிய எளிய பரிசோதனை ஒன்று உண்டு. கட்டையின் ஒரு துண்டை நிறுத்து, 103 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள அடுப்பில் எடை மேலும் குறையாதவரை உலர்த்தி, மீண்டும் நிறுக்கவேண்டும். 60 கிராம் துண்டு 50 கிராமாகக் குறைந்தால், இழந்த 10 கிராமை 50-ஆல் வகுக்கக் கிடைப்பது 20 சதவிகித ஈரமாகும். மரத்தின் மின்தடையைக் கொண்டு ஈரத்தைக் காட்டும் சிறு கருவிகளும் கிடைக்கின்றன.

கருவி எதுவும் இல்லாதவிடத்துத் தராசு ஒன்றே போதும். கட்டையை வாரந்தோறும் நிறுத்து, எடையையும் தேதியையும் அதன் மீதே எழுதிவரலாம். தொடர்ந்து சில வாரங்கள் எடை குறையாதிருப்பின், கட்டை அவ்விடத்துக் காற்றுடன் சமநிலை அடைந்துவிட்டதென அறியலாம். மரம் எத்தனை கைகள் மாறினாலும் அக்குறிப்பு மாறாது கூடவே செல்லும். அடுத்த தொழிலாளி ஊகத்தின் மீது உளி வைக்க வேண்டியதில்லை.

மாதவமாலா அமைந்துள்ள அதே ஏர்பேடு மண்டலத்தில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையமும் இயங்கிவருகின்றன. இவ்விரண்டும் 2015-இல் தொடங்கப்பட்டவை. எனினும் இங்கே கூறப்பட்டவற்றைச் செய்வதற்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. கிராமத்துக்குப் பொதுவாக ஒரு கூரை, ஒரு மேடை, ஒரு தராசு, ஒரு சுண்ணாம்புக்கட்டி ஆகியவையே போதும். பணிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் தொழிலாளர்கள் மரம் உலர்த்தும் பொறுப்பையும் கூட்டாக ஏற்பின், மாதக்கணக்கில் உழைத்துச் செய்த வேலை பிறர் வீட்டில் பிளந்து கெடும் நிலை பெரிதும் நீங்கும்.