ஆன்லைன் விற்பனை: கட்டணம் யார் தலையில் விழுகிறது?

"கட்டணம் உங்களுக்கில்லை, விற்பவர்தான் கட்டுவார்" என்று ஆன்லைனில் வாங்குபவரிடம் சொல்கிறார்கள். விற்பவரோ, "அதையும் சேர்த்துத்தான் விலை வைத்திருக்கிறேன்" என்கிறார். இரண்டுமே பாதி உண்மை. கட்டணத்தைக் கட்டுபவர் ஒருவர், சுமையைத் தாங்குபவர் இன்னொருவராக இருக்கலாம். விலையை நிர்ணயிக்க முடியாதவர் பையில்தான் அது கடைசியாகக் கைவைக்கும்.

விளைந்த மஞ்சளைத் தூளாக்கி, சொந்த இணையதளத்தில் விற்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். 500 ரூபாய்க்கு ஆர்டர் வருகிறது. பணத்தை வாங்கித் தரும் 'பேமென்ட் கேட்வே' நிறுவனம் 2 சதவிகிதம் பிடித்தால் 10 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி, 1 ரூபாய் 80 காசு. கணக்கில் வருவது 488 ரூபாய் 20 காசுதான். மஞ்சள், அரவைக் கூலி, பாக்கெட், கூரியர் எல்லாம் சேர்த்து அடக்கம் 440 ரூபாய் என்றால், 60 ரூபாய் லாபம் 48 ரூபாய் 20 காசாகக் குறைகிறது. விற்ற தொகையில் 2 சதவிகிதம் என்று சொன்னது, லாபத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு!

விலையை ஏற்றலாம். 500 ரூபாய் முழுதாகக் கைக்கு வர, 512 ரூபாய் 10 காசு வைக்க வேண்டும். 11 ரூபாய் 80 காசை மட்டும் கூட்டினால் போதாது. கூட்டிய தொகைக்கும் கட்டணம் பிடிப்பார்கள். அவர் மஞ்சளைத் தேடி வருபவர்கள் அந்த விலையைக் கொடுப்பார்கள். அதே தரத்தில் வேறொருவர் 490-க்குக் கொடுத்தால் ஏற்றவே முடியாது. சரக்கு திரும்பி வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், பிடித்த கட்டணத்தைப் பல கேட்வே நிறுவனங்கள் தருவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டாக வேண்டும்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வேறு கதை. தமிழ்நாட்டில் அங்கு 1 சதவிகித சந்தைக் கட்டணத்தை வியாபாரிதான் கட்ட வேண்டும்; விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. ஆனால் ஏலம் கேட்கும்போதே வியாபாரி அந்த 1 சதவிகிதத்தை மனதில் கழித்துக்கொள்வார். நாலைந்து பேர் போட்டி போட்டால் அவரால் கழிக்க முடியாது. வந்தது ஒரே ஆள் என்றால், ரசீதில் எப்படி எழுதியிருந்தாலும் கொடுப்பது விவசாயிதான்.

அப்படியானால் யு.பி.ஐ? வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வரும் யு.பி.ஐ பணத்துக்கு 2020 ஜனவரி 1 முதல் வியாபாரியிடம் எம்.டி.ஆர் கட்டணம் கிடையாது. செலவு இல்லாமல் போய்விடவில்லை. சிறு வியாபாரிகள் பெறும் 2,000 ரூபாய் வரையிலான பணத்துக்கு 0.15 சதவிகித ஊக்கத்தொகை தரும் திட்டத்துக்கு, 2024-25 ஆண்டுக்கு மத்திய அரசு ஒதுக்கியது 1,500 கோடி ரூபாய். அதாவது வரிப்பணம். உழவர் சந்தையில் கியூ.ஆர் அட்டை வைத்திருப்பவருக்கு இது நல்ல சேதிதான். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை பிடிக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரக்கடையிலோ விதைக்கடையிலோ டெபிட் கார்டு கொடுத்தால் "2 சதவிகிதம் கூடுதல்" என்று கேட்பதுண்டு. அப்படி வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. கொடுக்க மறுக்கலாம், கடையின் வங்கியில் புகாரும் செய்யலாம்.

மஞ்சள்தூள் விவசாயிக்கும் ஒரு வழி உண்டு. யு.பி.ஐ பணமே ஆனாலும், கேட்வே வழியாக வந்தால் தனிக் கட்டணம் பிடிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. மாதாமாதம் வாங்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் தன் வங்கியின் கியூ.ஆர் படத்தை அனுப்பினால், அந்த 11 ரூபாய் 80 காசு மிச்சம். புதிய ஆட்களுக்கு மட்டும் கேட்வே போதும்.